ஒத்திசைவு நிலுவையில்

ஆறு மணியிலிருந்து எட்டரை வரை
மெர்பேங்கில் மின்சாரம் இல்லை.
நான்காம் கட்டம் என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள்.
வைஃபை பெட்டி தன் பச்சைக் கண்ணை மூடிக்கொண்டது.
டேப்லெட்டில் முப்பத்தொரு விழுக்காடு உயிர்.

இந்தக் கண்ணாடிச் சில்லுக்குள்
ஆயிரத்து நூற்றுப் பதினேழு கட்டுரைகள்.
இருப்பதாகத் தலைப்புகள் சொல்கின்றன.
தொட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் மேகத்தில்.
மேகம் என்பது எங்கோ ஒரு கட்டடம்,
அங்கே இப்போது விளக்கு எரியும்.

எல்லாம் நண்டுகள்.
உம்கேனி ஆறு கடலில் கரையும் இடத்தில்
கண்டல் வேர்களுக்கிடையே
ஒற்றைக் கையை ஆட்டி ஆட்டி
யாரையோ கூப்பிடும் ஆண் நண்டுகள்.
நானும் குபேந்திரனும் ஏழு வருடம்
முழங்கால் சேற்றில் நின்று எண்ணினோம்.
நூலடைவு ஒன்று, கடவுச்சொல் ஒன்று.
என் கோடு மஞ்சள், அவனது பச்சை.

பிரிந்தபோது காரை அவன் எடுத்துக்கொண்டான்,
நாய் என்னிடம்.
வழக்கறிஞர் பிரஷர் குக்கரைப் பற்றிக்கூடக் கேட்டார்.
நூலடைவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.

அதனால்
அவன் கேப் டவுனில் விழித்திருக்கும் இரவுகளில்
இங்கே என் மேசையில்
ஏதோ ஒரு பதினான்காம் பக்கத்தில்
ஒரு பச்சைக் கோடு முளைக்கும்.
சில சமயம் நல்ல வரி.
சில சமயம், இதையா பிடித்தாய் என்று திட்டுவேன்
நாய் தலைதூக்கிப் பார்க்கும்.

மென்பொருளுக்கும் என் விஷயத்தில் குழப்பம்.
படையாச்சி, யோ.
மூட்லி, யோ.
இருவரும் ஒருவரா? இணைக்கலாமா?
எந்தப் பெயர் முதன்மை?
பதினெட்டு மாதமாக
'பிறகு' என்ற பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஓரக்குறிப்புகளை மட்டும் தமிழில் எழுதுவேன்.
சனிக்கிழமை வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள்,
அவனைக் கிரிக்கெட்டுக்கு.
பழைய பதிப்பில் என் எழுத்தெல்லாம்
வெறும் சதுரங்களாகத் தெரியும் அவனுக்கு.
புதிய பதிப்பு வந்தபோதும் பயப்படவில்லை,
சதுரம் போய் வளைவு வந்தால் என்ன,
இரண்டும் அவனுக்கு ஒன்றுதானே.

போன வாரம் ஒரு கட்டுரையின் ஓரத்தில் எழுதினேன்:
ஒரு பக்கம் மட்டும் பெரிய கை.
சாப்பிடுவது சின்னதால்.
பெரியது ஆட்டிக் காட்டவும் சண்டைக்கும் மட்டும்.
எனக்குத் தெரிந்த ஒருவனைப் போல.

இன்று இருட்டில் அதைப் படித்தேன்.
ஆராய்ச்சிக் குறிப்பா அது?
அழித்தேன்.
பதினோரு விழுக்காடு.
மேல்மூலையில் சின்னதாக: ஒத்திசைவு நிலுவையில்.
நிலுவை. வட்டிக்கடைச் சொல் போல இருந்தது.

எட்டு நாற்பதுக்கு ஃப்ரிட்ஜ் உடம்பை உதறியது.
தெரு முழுக்கத் தொலைக்காட்சிகள் நடு வாக்கியத்தில் பேசத் தொடங்கின.
பச்சைக் கண் திறந்தது. வட்டம் சுற்றியது, நின்றது.

முரண்பட்ட நகல் உள்ளது.
இதே கோப்பை இதே நேரத்தில்
இன்னொரு சாதனம் திருத்தியிருக்கிறது.
உங்கள் நகலா, மற்றவர் நகலா?

மற்றவர் நகலைத் திறந்தேன்.
என் குறிப்பு அழியாமல் இருந்தது.
அதற்குக் கீழே பச்சையில்,
நேற்றுத்தான் எழுதப் பழகிய விரலால்,
மூன்று சுழி எங்கே இரண்டு சுழி எங்கே என்று
தடவித் தடவி வந்த எழுத்தில்:

எந்த பக்கம்

கேள்விக்குறி இல்லை.
வலதா இடதா என்கிறானா?
பக்க எண் இல்லாத மேற்கோளை
ஏற்கமாட்டார்கள் என்று நினைவூட்டுகிறானா?
வேறு எதையாவதா?

மற்றவர் நகல் என்பதைத் தொட்டேன்.
எந்த-வுக்கும் பக்கத்துக்கும் நடுவில்
மஞ்சளில் ஒரு 'ப்' மட்டும் போட்டேன்.

வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது.